டி. ஏ. மதுரம்: சிரிப்பின் மறுபாதி

செட்டிகுளத்தில் அமர்ந்து பழைய படங்களைப் பற்றிப் பேசுகிற நமக்கு ஓர் உரிமை உண்டு. 1995 வரை இவ்வூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. ஆகவே திருச்சியில் பிறந்த டி. ஏ. மதுரத்தை நம் மாவட்டத்து நடிகை என்றே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவரைத் தனியாக நாம் பேசியதில்லை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைப் புகழ்ந்து முடிக்கையில், ‘கூடவே மதுரமும்’ என்று ஒரு சொல் சேர்ப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடுகிறது.

1935இல் ‘ரத்னாவளி’ வழியாகத் திரைக்கு வந்தவர் மதுரம். மறு ஆண்டு ‘வசந்தசேனா’ படப்பிடிப்புக்காகப் புனே சென்றபோது கிருஷ்ணனோடு அறிமுகம், பின்னர் திருமணம். ‘அம்பிகாபதி’ (1937), ‘சகுந்தலை’ (1940), ‘கண்ணகி’ (1942), ‘ஹரிதாஸ்’ (1944) எனப் படங்கள் மாறின, ஜோடி மாறவில்லை. அவர்களுடைய நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் கிருஷ்ணன் தனியே அமைத்துப் படத்தோடு இணைத்ததாகும். கதாபாத்திரங்களின் பெயர்கள் வேறாயினும், ரசிகர்கள் கண்டது ஒரே தம்பதியின் தொடர்கதையைத்தான். அதில் ஆண் அளக்கும் கதைகளுக்கு நறுக்கென்று பதில் சொல்லி, சிரிப்பை அவன் பக்கமே திருப்பிவிடுகிற பெண் மதுரம்.

அதே ஆண்டுகளில் ஹாலிவுட்டிலும் ஒரு நகைச்சுவை நடிகையின் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மெக்சிகோவில் பிறந்த லூபே வெலஸ், 1939 முதல் 1943 வரை ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காக எட்டுப் படங்களில் கார்மலிட்டா என்ற சீறும் மெக்சிகோக்காரியாக நடித்தார். அவரே நாயகி, ஆனால் சிரிப்பு அவருடைய உச்சரிப்பின் மீதும், கோபம் வந்தால் பீறிட்டெழும் ஸ்பானிய மொழியின் மீதும் விழுந்தது. வேற்று நாட்டுக்காரி என்பதே அங்கு நகைச்சுவைக்கு முதல். மதுரத்துக்கோ தன் சொந்த மொழியே ஆயுதம்.

1944 டிசம்பரில் லூபே 36ஆம் வயதில் மறைந்தார். அதே மாதம், லட்சுமிகாந்தன் கொலைவழக்கில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஜோடியில் ஒருவர் சிறையில்; மற்றவர் என்ன ஆவார்?

மதுரம் ஒடுங்கிவிடவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பியது; வழக்கறிஞர் எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். மேடையில் நடந்த ‘பைத்தியக்காரன்’ கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் அவ்வாண்டே திரைப்படமாயிற்று. அதில் மதுரத்துக்கு இரட்டை வேடம். விடுதலையாகி வந்த கிருஷ்ணனுக்கு அப்படத்தில் பிறகுதான் ஒரு பாத்திரம் சேர்க்கப்பட்டது. அந்த ஒரு முறை, ‘கூடவே’ வந்தவர் கலைவாணர்!

1957இல் கிருஷ்ணன் மறைந்தார், 1974இல் மதுரம். சிரிக்கவைத்தவரை வரலாறு நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பதில் குரல் கொடுத்தவரையும், அது நின்றுபோகாமல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்தவரையும் நாம்தான் நினைவில் வைக்கவேண்டும். அடுத்த முறை அவர்களுடைய காட்சி ஒன்றைக் காண்கையில், கலைவாணர் பேசி முடித்ததும் மதுரத்தின் முகத்தைச் சற்றுக் கவனிப்போம். சிரிப்பு பாதியளவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.