ஊரின் பெயரால் நடந்த வழக்கு

2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளம் போலீஸ் காவலில் வதைபட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடுத்தடுத்து மாண்டபோது, இருவர் பெயரையும் இணைத்துக் கட்டிய ஹேஷ்டேக், தேசமெங்கும் பரவியது போலவே, பீடித்தட்டை மடியில் வைத்து இலை சுருட்டும் பெண்கள் நிறைந்த எங்கள் கீழப்பாவூர்ப் பக்கத்துக் கைப்பேசிகளிலும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலோ, கறுப்பின ஆண்கள் போலீஸாரால் மடியும்போது பொங்கும் கிளர்ச்சி அவ்வினத்துப் பெண்கள் மடியும்போது எழவில்லையே என்று வெதும்பிய கிம்பர்லே கிரென்ஷா முதலியோர், 2014 டிசம்பரிலேயே ‘அவள் பெயரைச் சொல்’ என்ற முழக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

நம் ஸ்திரீகளுக்கு அந்த மார்க்கமும் சுலபமாக இல்லை. பலாத்காரத்துக்கு ஆளானவளின் பெயரை அவள் சம்மதமின்றி வெளியிடலாகாது என்பது 1983 முதல் சட்டம். அது அவளுக்கு வேண்டிய காப்புதான். ஆயினும், பெயரும் முகமும் இல்லாதவர்களுக்காக ஜனங்களின் நெஞ்சை அசைப்பது எத்தனை கடினம் என்பதற்கு வாச்சாத்தியின் சரித்திரமே சாட்சி.

தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்திலுள்ள அந்தப் பழங்குடிக் கிராமத்தில், 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைச் சிப்பந்திகள் புகுந்தார்கள். ஊராரை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் இழுத்துச் சென்று கெடுத்தார்கள். வீடுகளை நொறுக்கி, கிணற்றில் டீசலை ஊற்றினார்கள். தப்பியோடியவர்கள் திரும்பி வந்தால் குடிக்க ஒரு வாய்த் தண்ணீரும் இருக்கலாகாது என்று நினைத்த அந்த வன்மத்தை எந்தச் சட்டப்பிரிவு அளந்து காட்டும்?

நெல்லைச் சீமைக்காரரான மார்க்சிஸ்ட் தலைவர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பப்பட்டு, விடாமல் வழக்காடியதன் பயனாக, 1995-இல் விசாரணை சி.பி.ஐ. வசமாயிற்று. அதன் பின்பு ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்து சாட்சி சொன்னவர்கள் அப்பெண்களே. ஏடுகளிலும் மேடைகளிலும் அவர்கள் அத்தனை பேருக்குமாகச் சொல்லப்பட்ட பெயர் வாச்சாத்தி என்ற ஊர்ப்பெயர் ஒன்றுதான்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக, எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்கள் செய்த மேல்முறையீட்டை, கிராமத்துக்கே நேரில் சென்று பார்த்துவந்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், 2023-இல், அதே செப்டம்பர் 29 அன்று தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும், காலஞ்சென்றவர்களாயின் அவர்கள் குடும்பத்துக்கும், பத்து லட்சம் ரூபாய் வழங்க வேண்டும். சம்பவ காலத்தில் கலெக்டராகவும் போலீஸ் சூப்பிரண்டாகவும் மாவட்ட வன அதிகாரியாகவும் இருந்தவர்கள்மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.