யார் இந்த எம்.ஐ.ஏ.? விசா தராத அமெரிக்காவை ஆட வைத்த ஈழத் தமிழ்ப் பெண்!

'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை ரீல்ஸ்ல கேட்டிருப்பீங்க. பாடியவர் ஈழத் தமிழரான மாயா என்ற மாதங்கி அருள்பிரகாசம்.

அகதி வாழ்க்கை: 1975-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாகவே யாழ்ப்பாணம் போனார். போரால் 1986-ல் தாயுடன் அகதியாக லண்டன் திரும்பினார்.

பெற்றோர் பெயரில் ஆல்பம்: ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அப்பாவின் இயக்கப் பெயரில் 'அருளர்' (2005). அம்மா பெயரில் 'கலா' (2007).

விசா சிக்கல்: 'கலா'வை அமெரிக்காவில் உருவாக்கத்தான் திட்டம். விசா கிடைக்கல. பல நாடுகளில் வேலை பார்த்தவர், சென்னைக்கு வந்து உருமி மேளமும் பதிவு செய்தார்.

புலம்பெயர்ந்தவர்னாலே பணம் பறிக்க வந்தவர்னு பார்ப்பதைக் கிண்டலடிக்கும் பாட்டு, 'கலா'வில் வந்த 'பேப்பர் பிளேன்ஸ்'. 2008-ல் அதே அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 4-வது இடம்!

ஆஸ்கர்: ஏ.ஆர்.ரஹ்மானுடன் இவர் உருவாக்கிய 'ஸ்லம்டாக் மில்லியனர்' பாடல் 'ஓ சாயா' ஆஸ்கருக்குப் பரிந்துரையானது.