நசுங்கிய கையைக் காப்பாற்றும் ஒரு மில்லிமீட்டர் ரத்தநாளம்: 'பெர்ஃபரேட்டர் ஃபிளாப்' சிகிச்சை என்றால் என்ன?

கரும்பு ஜூஸ் இயந்திரத்தின் உருளைகளுக்குள் போன கை. பைக் சக்கரத்தில் சிக்கிய குழந்தையின் குதிகால். லாரி மோதி, தோல் உரிந்து எலும்பு தெரியும் கால். இப்படி அடிபட்டு வருபவர்களின் வீட்டார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எலும்பைத்தான் சேர்த்துட்டீங்களே, புண்ணு தானா ஆறிடாதா?"

பல நேரங்களில் ஆறாது. எலும்பும் தசைநாணும் திறந்தபடி கிடந்தால் காய்ந்துபோகும், கிருமித் தொற்று ஏறும். தொற்று எலும்புக்குள் இறங்கிவிட்டால் கையையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். அந்த இடத்தை உயிருள்ள தோலால் மூடுவதற்கான வழிகளில் ஒன்றுதான் பெர்ஃபரேட்டர் ஃபிளாப்.

தொடைத் தோலை எடுத்து ஒட்டினால் போதாதா?

'ஸ்கின் கிராஃப்ட்' என்பது தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துக் காயத்தின் மேல் பதிப்பது. அந்தத் தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் இருக்கும் சதையிலிருந்து புது ரத்தநாளங்கள் முளைத்து வந்தால்தான் அது பிழைக்கும். மேலுறை உரிந்துபோன எலும்பிலும் தசைநாணிலும் அது பிடிக்காது.

ஃபிளாப் அப்படியல்ல. தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நாளத்தோடு சேர்த்தே நகர்த்துவார்கள். கிராஃப்ட், ஈரமான வயலில் நாற்று நடுவது மாதிரி. ஃபிளாப், வேரோடும் மண்ணோடும் செடியைப் பெயர்த்து வைப்பது மாதிரி.

முன்பு என்ன செய்தார்கள்?

கைக் காயங்களுக்கு நீண்ட காலமாகக் கைகொடுத்தது 'கிராயின் ஃபிளாப்'. மெக்ரிகர், ஜாக்சன் என்ற இரு மருத்துவர்கள் 1972-ல் விவரித்த முறை இது. அடிபட்ட கையை இடுப்புக்குக் கீழே கவட்டைப் பகுதித் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். சுமார் 3 வாரம் கை அங்கேயே இருக்க வேண்டும். பிறகு பிரிக்க இன்னொரு ஆபரேஷன். அதற்குள் தோள்பட்டையும் விரல்களும் இறுகிப்போவது உண்டு.

அடுத்து, சீனாவிலிருந்து 1981-ல் வந்தது முன்னங்கை ஃபிளாப். வேகமான, நம்பகமான முறைதான். ஆனால் நாடி பிடித்துப் பார்க்கும் இடத்தில் ஓடும் தமனியையே அதற்காக எடுக்க வேண்டும். கைக்கு ரத்தம் தரும் இரண்டு பெரிய தமனிகளில் அது ஒன்று. ஏற்கனவே அடிபட்ட கைக்கு இது பெரிய விலை.

பெர்ஃபரேட்டர் எங்கே இருக்கிறது?

தெருவில் ஓடும் மெயின் குழாயிலிருந்து வீட்டுக்கு ஒரு சிறிய குழாய் பிரிந்து வருமல்லவா? அதுபோல ஆழத்தில் ஓடும் தமனியிலிருந்து பிரிந்து, தசைக்குள்ளோ தசைகளுக்கு இடையிலோ புகுந்து தோலுக்கு வரும் சிறு நாளம்தான் பெர்ஃபரேட்டர். டெய்லர், பால்மர் ஆகியோர் 1987-ல் வெளியிட்ட ஆய்வு, உடம்பில் இப்படி முக்கியமான நாளங்கள் சராசரியாக 374 இருப்பதாகக் கணக்கிட்டது. தசையை எடுக்காமல், இந்தச் சிறு நாளத்தை மட்டும் நம்பித் தோலை நகர்த்த முடியும் என்று ஜப்பானின் கோஷிமா, சோயிடா 1989-ல் காட்டினார்கள்.

மெயின் குழாயை வெட்ட வேண்டாம், வீட்டு இணைப்பு போதும். இந்தச் சிகிச்சையின் அடிப்படையே இதுதான்.

ஆபரேஷன் எப்படி நடக்கும்?

காயத்துக்குப் பக்கத்தில் டாப்ளர் கருவியை வைத்து, ரத்தம் பாயும் ஓசையைக் கேட்டு நாளத்தின் இடத்தைக் குறிப்பார்கள். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து, ஒரு பக்கம் மட்டும் கீறி நாளத்தை நேரில் பார்த்து உறுதி செய்வார்கள். அதைச் சுற்றியுள்ள நார்களை விலக்கிவிட்டு, மின்விசிறி இறக்கை போலத் தோலைத் திருப்பிக் காயத்தின் மேல் வைப்பார்கள். தேவைப்பட்டால் 180 டிகிரி வரை திருப்பலாம். இதற்கு 'புரொப்பெல்லர் ஃபிளாப்' என்று பெயர். தசை குறைவாக உள்ள கணுக்கால், குதிகால் பகுதிகளுக்கு இது ரொம்ப உதவும். விரலின் பின்புறக் காயத்துக்குப் புறங்கைத் தோலையே இப்படித் திருப்பி மூட முடியும்.

ஆபத்து இல்லையா?

உண்டு. எல்லாமே சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள நாளத்தை நம்பியிருக்கிறது. திருப்பும்போது அது முறுக்கிக்கொண்டால், உள்ளே வந்த ரத்தம் வெளியேற முடியாமல் தேங்கி, தோல் நீலம் பாயும். ரத்தமே வராவிட்டால் வெளுத்துப்போகும். அதனால்தான் முதல் சில நாட்கள் நர்ஸ்கள் அடிக்கடி வந்து நிறத்தையும் சூட்டையும் பார்க்கிறார்கள். பீடி, சிகரெட் கூடவே கூடாது. நிகோட்டின் நாளத்தைச் சுருக்கிவிடும்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. பெரிய அளவில் நசுங்கியிருந்தால் பக்கத்து நாளங்களும் சேதமாகியிருக்கும். அப்போது தொடையிலிருந்து தோலை நாளத்தோடு முழுவதுமாக வெட்டி எடுத்து, மைக்ரோஸ்கோப் உதவியுடன் காயத்தின் அருகிலுள்ள நாளத்தில் இணைப்பார்கள். பழைய கிராயின் ஃபிளாப்பும் இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது.

நேரம் ஏன் முக்கியம்?

ஸ்லோவேனியாவின் மார்கோ கோடினா, 532 நோயாளிகளுக்குச் செய்த ஃபிளாப் சிகிச்சைகளை ஆராய்ந்து 1986-ல் முடிவுகள் வெளியாயின. 72 மணி நேரத்துக்குள் காயத்தை மூடியபோது ஃபிளாப் தோற்றது 0.75 சதவீதம். அதற்குப் பின் 3 மாதத்துக்குள் மூடியபோது 12 சதவீதம். அவை வேறு இடத்திலிருந்து எடுத்து இணைத்த ஃபிளாப்கள். அன்றிலிருந்து, காயத்தைச் சுத்தம் செய்து சீக்கிரம் மூட வேண்டும் என்பது இந்தத் துறையின் அடிப்படைப் பாடம்.

அடிபட்டவுடன் என்ன செய்யலாம்?

காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். மோதிரம், வளையல்களை உடனே கழற்றுங்கள். விரல் துண்டாகியிருந்தால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக் கூடாது.

ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்த பிறகும் காயம் திறந்தே இருந்தால், டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இதை எப்போ மூடுவீங்க? பிளாஸ்டிக் சர்ஜன் பார்த்துட்டாரா?"