கொடையாளர் பெயரும் கட்டடத்தின் இயல்பும்

மடுல்சீமை மலைகளின் பெயர் வேளாண்மை வரலாற்றில் இடம்பெற்றது ஒரு நோயினாலாகும். கோப்பிச் செடிகளை அழித்த இலைநோய் 1869 ஆம் ஆண்டில் இலங்கையில் முதன்முதல் அறியப்பட்டது இப்பகுதித் தோட்டமொன்றிலேயே. அந்நோயை ஆராய்ந்தோரின் பெயர்கள் நூல்களில் உள. கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் நட்டோரின் பெயர்கள் செக்றோல் ஏட்டோடு நின்றுவிட்டன. மலையகத் தோட்டக் கோயில்கள் பல, தொழிலாளரின் சம்பளத்திற் பிடிக்கப்பட்ட சந்தாவால் எழுந்தவை. ஆயினும் கல்லிற் பெயர் ஏறியவர் பெரும்பாலும் கங்காணியாரும் துரையுமே.

பதுளை நகரின் புனித மாற்கு தேவாலயம், 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் ரொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்டு 1857 இல் திருநிலைப்படுத்தப்பட்டது. அங்குள்ள நினைவுக்கல் அவருடைய பெயரையும் பதவிகளையும் விரித்துரைக்கின்றது. பொருள் ஈந்தோரை, எல்லா வகுப்பினரையும் சேர்ந்த நண்பர்கள் என ஒரே தொடரில் அடக்கிவிடுகின்றது. (ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர்பெற்றவருக்கு இத்துணை நண்பர் வாய்த்தமை வேறு விடயம்.)

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் முறையே வேறு. முதலாம் இராசராசன், தான் கொடுத்தவற்றோடு தமக்கை குந்தவையும் தேவியரும் ஏனையோரும் கொடுத்தவற்றையும் விமானத்துக் கல்லிலேயே வெட்டப் பணித்தான். நகைகளின் நிறை, முத்துக்களின் எண்ணிக்கை யாவும் அங்கு உள. கொடுத்தவருள் அரச குடும்பத்தாரும் அதிகாரிகளுமே மிகுதி என்பது மெய். எனினும் விளக்குக்கு நெய் அளந்த இடையரும், தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரும் பெயர் சுட்டப்பட்டுள்ளனர். அடித்தளத்தின் வரிகளைத் தழுவி எழுத்து ஓடுவதால் சிற்பமும் சிதையவில்லை. திருமழபாடியிலோ, பழைய விமானத்தை இடிக்குமுன் கல்வெட்டுக்களைப் படியெடுத்து வைக்குமாறு அவ்வரசன் ஆணையிட்டான். முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் பொறிக்கப்பட்டன.

மரபுப் பாணிக் கட்டடங்களுக்குப் புதிய கொடையாளர் பலகை அமைக்கும் பல்கலைக்கழகங்கள் இவற்றை ஒப்புநோக்குதல் தகும். 1952 இல் பல்கலைக்கழகம் குடிபுகுந்த பேராதனையில், சேர்லி டி அல்விஸ் பண்டைய இலங்கைக் கட்டட மரபைத் தழுவித் தூண்களையும் கூரைகளையும் வகுத்தார். அத்தகைய தூணில் மின்னும் பித்தளைத் தகட்டைத் திருகாணியால் இறுக்குதல் தூணுக்கும் கேடு, கொடைக்கும் இழிவு. சுண்ணச்சாந்துச் சுவராயின் துளைவழியே ஈரம் புகும். வாயிலை அடுத்துத் தனித்து நிற்கும் கருங்கற் பலகை கட்டடத்தைத் தீண்டாது. ஆனால் தமிழெழுத்தின் சுழிகளைச் சிறிதாக வெட்டினால், வடகீழ்ப் பருவமழையில் நனையும் ஊவாவிற் சில ஆண்டுகளிலேயே பாசி அவற்றை அடைத்துவிடும்.

பெயர்களைத் தொகையின்படி ஏற்றி இறக்குதல் இக்கால வழக்கு. பதுளையில் 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலோ, மடுல்சீமைப் பாடசாலையொன்றிலோ நாளை ஒரு கல் நடப்படுமாயின், இலட்சம் ஈந்தவருக்கும் ஒருநாட் சம்பளம் ஈந்தவருக்கும் எழுத்தளவு ஒன்றாதல் வேண்டும். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்காளர் இடாப்பினின்று பெயர் நீக்கப்பட்ட மக்களின் வழிவந்தோர் அக்கல்லின்முன் நிற்பர். முன்னைய தலைமுறையினர் ஈந்த சந்தாவையும் அதிற் சேர்க்க விரும்பின், தோட்டக் காரியாலயங்களில் எஞ்சிய பழைய செக்றோல் ஏடுகளைச் செல்லரிக்குமுன் படியெடுத்தலே முதற்பணி.