ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்போர் கிட்னியையும் கவனிக்க வேண்டும்

ரமலான் நெருங்கினால் புதுவையில் நம்மிடம் வழக்கமாக வரும் கேள்வி இது: "ஹஜ்ரத், ஜிப்மரில் இதய வால்வு மாற்றியிருக்கிறேன். அசிட்ரோம் சாப்பிடுகிறேன். நோன்பில் மாத்திரையை எப்போது போடுவது?" பெரும்பாலும் ஒருநாளைக்கு ஒருவேளை மாத்திரைதான், இஃப்தாருக்குப் பின் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டால் தீர்ந்தது. அதைவிட முக்கியம், கடைசியாக ரத்தப் பரிசோதனை செய்தது எப்போது என்பது.

அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து, ரத்தம் உறைவதைக் குறைக்கின்றன. அளவு சரியா என்று காட்டுவது ஐ.என்.ஆர். பரிசோதனை. பலருக்கு அது 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்குச் சற்றுக் கூடுதல். மிஞ்சினால் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வரும் என்பது நம் மக்களுக்குத் தெரியும். கிட்னிக்குள்ளும் கசியும் என்பது பலருக்குத் தெரியாது. அப்படிக் கசியும் சிவப்பணுக்கள் கிட்னியின் நுண்குழாய்களில் திரண்டு அடைத்துக்கொள்கின்றன. கிரியேட்டினின் சில நாட்களிலேயே ஏறிவிடும்.

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர்கள், வார்ஃபரின் எடுத்து ஐ.என்.ஆர். 3-ஐத் தாண்டிய 4,006 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே கிட்னி நோய் இருந்தவர்களில் 33 சதவீதத்தினருக்கு இந்தப் பாதிப்பு இருந்ததாகக் கணித்தார்கள். கிட்னி நோய் இல்லாதவர்களிலும் சுமார் 16 சதவீதம்! சர்க்கரையும் பிரஷரும் இல்லாத வீடு நம்மில் குறைவு என்பதால் இதைச் சொல்கிறோம்.

மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் ரத்தக்கசிவையும் கூட்டும், கிட்னியையும் கெடுக்கும். மெட்ரோனிடசோல் போன்ற சில மாத்திரைகள் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். நாட்டு மருந்து, கருஞ்சீரகம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும்.

சிறுநீர் சிவந்தோ டீ நிறத்திலோ போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அதற்காகப் பயந்து மாத்திரையைத் தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. வால்வில் ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம்.

நோன்பைப் பொறுத்தவரை, உணவு குறைந்தால் ஐ.என்.ஆர். மாறும், தண்ணீர் குறைந்தால் கிட்னிக்குச் சுமை. எனவே ரமலானுக்கு முன்பே ஐ.என்.ஆர்., கிரியேட்டினின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். நோன்பு கெடுதல் தரும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால், அல்பகரா அத்தியாயம் நோயாளிக்குத் தந்துள்ள சலுகை இவருக்கும் உண்டு. குணமாகும் நோயானால் பிறகு களா செய்யலாம். தீராத நோயானால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு ஃபித்யாவாகும்.