சிப்பாய் என்று சொல்லிக்கொள்ளாதவர்கள்

வியட்நாம் போரில் எத்தனை அமெரிக்கப் பெண்கள் பணியாற்றினார்கள்? இந்த எளிய கேள்விக்கு விடை தேடிப் பல நாட்கள் போயின. சுமார் 7,500 என்கிறது ஓர் அரசுத் துறை. 11,000 என்கிறது இன்னொன்று. காடுகளின் மீது தெளித்த களைக்கொல்லிக்கு காலன் கணக்கு வைத்திருந்த அரசு அது. தான் சீருடை மாட்டி அனுப்பிவைத்த பெண்களை மட்டும் சரியாக எண்ணி வைக்கவில்லை.

அவர்களில் பத்தில் ஒன்பது பேர் நர்ஸுகள். நானும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்தான். ஒரு பெரிய பஸ் விபத்து நடந்து, இரண்டு இரவுகள் நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பிறகு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் டாக்டர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது 'மற்றும் செவிலியர்கள்' என்ற இரண்டு சொல். அந்தக் கோபம் எனக்குள் இருப்பதால்தான் இந்தக் கதை என்னை விடவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தப் போருக்குப் போன ஆண்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் கட்டாய ராணுவச் சேர்ப்பைத் தள்ளிப்போடலாம் என்று விதி இருந்தது. கல்லூரிக்குப் போக வசதியில்லாதவன் மாட்டிக்கொண்டான். போருக்குப் போனவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் தொழிலாளர், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பது வரலாற்றாசிரியர் கிறிஸ்டியன் ஆப்பியின் மதிப்பீடு. 1966இல் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா தேர்வுத் தகுதியையும் தளர்த்தினார். முன்பு தேறாதவர்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கக்கூடிய 3,00,000க்கும் மேற்பட்டோர் அப்படிச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் கறுப்பின இளைஞர்களின் பங்கு மிக அதிகம்.

பெண்களுக்குக் கட்டாயச் சேர்ப்பு கிடையாது. ஆகவே அவர்கள் விரும்பிப் போனவர்கள், அவர்களுக்காக வருத்தப்பட என்ன இருக்கிறது என்பார்கள். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் ஆண்களைத் தள்ளிய அதே கை இங்கேயும் தெரிகிறது. நர்ஸிங் படிப்புக்குப் பணம் கட்ட முடியாத பெண்களுக்கு ராணுவம் கட்டணமும் மாதப் பணமும் கொடுத்தது. படிப்பு முடிந்ததும் சில ஆண்டுகள் ராணுவத்தில் வேலை செய்ய வேண்டும். நீயாகக் கேட்டால் தவிர வியட்நாமுக்கு அனுப்ப மாட்டோம் என்று ஆள் சேர்த்தவர்கள் சொன்னதாகப் பலர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். படித்து முடித்து ஓராண்டுகூட ஆகாமல் போய் இறங்கியவர்கள் உண்டு.

வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் டியூட்டி. சண்டை மூண்டால் அந்தக் கணக்கும் போய்விடும். அடிபட்டவனை ஹெலிகாப்டர் நிமிடங்களில் கொண்டுவந்துவிடும். முந்தைய போர்களில் வழியிலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் இங்கே உயிரோடு மேசைக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட காயங்களை எந்த நர்ஸிங் பள்ளியும் சொல்லித்தந்திருக்க முடியாது. வந்தவர்களைத் தரம் பிரிக்க வேண்டும்: உடனே அறுவைக்குப் போக வேண்டியவன், காத்திருக்கக்கூடியவன், பிழைக்க மாட்டாதவன். பிழைக்க மாட்டாதவனைத் திரைக்குப் பின்னால் கிடத்துவார்கள். கையைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி கிடைத்தால் அவனுக்கு அதிர்ஷ்டம். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண்கள் இதைச் செய்தார்கள். தரம் பிரிப்பதை நானும் செய்திருக்கிறேன், கூடவே மூத்தவர்கள் இருந்தார்கள். அப்படியிருந்தும் சில முகங்கள் இன்னும் போகவில்லை.

திரும்பி வந்ததும் பலர் சீருடையைக் கழற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். போரை எதிர்த்தவர்கள் கண்ணில் அவர்கள் போரின் ஆட்கள். போரை ஆதரித்தவர்கள் கண்ணில் அவர்கள் சிப்பாய்களே அல்லர். அவர்களும் அப்படித்தான் நம்பினார்கள்: நான் துப்பாக்கி தூக்கவில்லையே, எனக்கு என்ன வந்தது? தூக்கமின்மையும் திடீர் அழுகையும் எதனால் என்று புரியாமலே பத்து ஆண்டுகள் ஓடின. போர் அதிர்ச்சிக்கு மருத்துவ நூலில் ஒரு பெயர் கிடைத்ததே 1980இல்தான். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் பெண்களுக்குச் சமமான வசதி இல்லை என்று 1982இல் அரசுத் தணிக்கையே சொன்னது.

பிளெய்கு நகரின் ராணுவ மருத்துவமனையில் 1969–70இல் பணியாற்றிய லிண்டா வான் டெவான்டர் 1983இல் தன் அனுபவத்தைப் புத்தகமாக்கினார். போருக்கு எதிரான முன்னாள் சிப்பாய்களின் ஊர்வலத்துக்குப் போனபோது, முன் வரிசையில் பெண் நின்றால் சிப்பாய் அல்லாதவர்களைச் சேர்த்துக் கூட்டம் காட்டுகிறோம் என்று நினைப்பார்களே என்று தோழர்களே தன்னை விலக்கியதை அதில் சொல்கிறார். ஜனாதிபதி செய்ததைவிட இது எனக்கு அதிகம் வலித்தது. குடியை, காதலை, வியட்நாமியர்மீது தனக்குள் வளர்ந்த வெறுப்பைக்கூட அவர் மறைக்கவில்லை. எங்கள் பெயரைக் கெடுத்துவிட்டாள் என்று முன்னாள் நர்ஸுகளில் ஒரு பகுதியினரே அவரை எதிர்த்தார்கள். அவர்களையும் எனக்குப் புரிகிறது. தேவதை அல்லது நடத்தை கெட்டவள் என்ற இரண்டே இருக்கைகள் போட்டிருக்கும் இடத்தில், முதல் இருக்கையை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்?

வாஷிங்டனில் 58,000க்கும் அதிகமான பெயர்களைத் தாங்கிய கறுப்புச் சுவர் 1982இல் எழுந்தது. அதை வடிவமைத்தவர் மாயா லின் என்ற 21 வயது மாணவி. இரண்டு ஆண்டுகளில் அருகே மூன்று ஆண் சிப்பாய்களின் சிலை வந்தது. முன்னாள் நர்ஸ் டயான் கார்ல்சன் எவான்ஸ் பெண்களுக்கும் ஒரு சிலை கேட்டபோது, 1987இல் கலைக் குழு மறுத்தது. இப்படி விட்டால் போர்நாய்களுக்கும் சிலை கேட்பார்கள் என்ற தொனியில்கூடப் பேச்சு எழுந்தது. சட்டம், நாடாளுமன்றம், மீண்டும் குழு என்று அலைந்து 1993 நவம்பர் 11இல்தான் சிலை திறக்கப்பட்டது.

சுவரில் உள்ள பெண்களின் பெயர்கள் எட்டு. அவர்களில் எதிரியின் தாக்குதலில் நேரடியாகக் கொல்லப்பட்டவர் ஷரன் லேன் ஒருவர்தான். 1969 ஜூன் 8, சூ லாய் மருத்துவமனை. வந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. ராக்கெட் விழுந்தபோது அவர் இருந்தது வியட்நாமிய நோயாளிகளின் வார்டில்.

அங்கிருந்து தெற்கே ஒரு நாளுக்குள் போய்வரக்கூடிய தூரத்தில், டக் போ பகுதியின் மறைவிட மருத்துவமனையில், டாங் துய் த்ராம் என்ற ஹனோய் டாக்டர் வேலை செய்துகொண்டிருந்தார். ஷரனைவிட ஏழெட்டு மாதம் மூத்தவர். 1970 ஜூன் 22இல் அமெரிக்கப் படையினரின் குண்டுக்கு இறந்தார். எரிக்கப்பட வேண்டிய அவருடைய நாட்குறிப்பை ஓர் அமெரிக்க வீரர் பல ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருந்தார். 2005இல் அது த்ராமின் தாயிடம் போய்ச் சேர்ந்தது, அதே ஆண்டு வியட்நாமில் புத்தகமாகவும் வந்தது.

கறுப்புச் சுவரில் பெயர்கள் அகர வரிசையில் இல்லை. இறந்த நாளின் வரிசையில் இருக்கின்றன. ஷரனின் பெயரைச் சுற்றி அந்த நாட்களில் இறந்த ஆண்களின் பெயர்கள். அன்று அந்த வார்டில் படுத்திருந்த வியட்நாமியர்களின் பெயர்கள் எதுவும் அங்கே இல்லை.