பிறக்காமல் போன நிக்கோஃப்ளெக்ஸ்

கல்லூரித் தாழ்வாரங்களில் மாட்டியிருக்கும் பழைய குரூப் போட்டோக்களை அண்ணன்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருச்சி, ஸ்ரீரங்கம் ஸ்டூடியோக்காரர்கள் பலர் அந்நாளில் வைத்திருந்தது இரட்டை லென்ஸ் கேமரா. மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படம் எடுக்க. 120 ஃபிலிம் சுருளில் 6 x 6 செ.மீ. அளவில் பன்னிரண்டு படம். அந்தச் சுருளை நம் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கூட 'இந்து' என்ற பெயரில் தயாரித்தது.

இந்த வகைக் கேமராவுக்கு மூலவர் 1929-ல் ஜெர்மனியில் வந்த ரோலிஃப்ளெக்ஸ். அதற்குப் போட்டியாக ஜப்பானில் ஒன்று கருவாகி, பிறக்காமலே போயிற்று. அதன் பெயர் நிக்கோஃப்ளெக்ஸ். இன்று நிக்கான் என்று நாம் அறியும் நிறுவனத்தின் கதை அது.

1917-ல் தொடங்கிய நிப்பான் கோகாகு, இரண்டாம் உலகப் போர் முடியும்வரை ராணுவத்துக்கு பைனாகுலர், தூரமானி செய்து கொடுத்தது. 1945-ல் போர் முடிந்ததும் ஆர்டர் நின்றது, ஆட்கள் குறைந்தார்கள். இனி என்ன செய்து பிழைப்பது? கண்ணாடியும் லென்ஸும் கைவந்த கலை. ஆகவே கேமரா. இரண்டு திட்டங்கள் மேஜைக்கு வந்தன. ஒன்று, 35 மி.மீ. சிறு கேமரா. மற்றொன்று, 80 மி.மீ. எஃப் 3.5 நிக்கோர் லென்ஸ் பொருத்திய 6 x 6 நிக்கோஃப்ளெக்ஸ்.

லென்ஸ் பிரச்சினையே இல்லை. கதை கந்தலானது ஷட்டரில்! இரட்டை லென்ஸ் கேமராவுக்கு லென்ஸின் நடுவே மெல்லிய தகடுகள் இதழ் விரிவதுபோல் திறந்து மூடும் லீஃப் ஷட்டர் வேண்டும். ஒரு வினாடியிலிருந்து சில நூறில் ஒரு பங்குவரை பிசகாமல் ஓட வேண்டும். கடிகார வேலை மாதிரி, அது தனித் தொழில். ரோலிஃப்ளெக்ஸ்காரர்களே அதை வெளியில் வாங்கித்தான் போட்டார்கள். நிப்பான் கோகாகு கேட்ட தரத்தில், தேவையான எண்ணிக்கையில் உள்நாட்டில் கிடைக்கவில்லை. திட்டம் கைவிடப்பட்டது.

35 மி.மீ. கேமராவுக்கோ ஷட்டர் பெட்டிக்குள்ளேயே ஓடும் துணித்திரை. அதைத் தாங்களே செய்துகொள்ள முடியும். 1948-ல் முதல் நிக்கான் வந்தது. அதிலும் சோதனை: ஃபிலிமை மிச்சம் பிடிக்க 24 x 36-க்குப் பதில் 24 x 32 மி.மீ. படம் என்று வைத்தார்கள். அமெரிக்க ஸ்லைடு சட்டத்தில் அது பொருந்தாது என்று நேசநாட்டு நிர்வாகம் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சளைக்காமல் திருத்தினார்கள். 1950-ல் 'லைஃப்' பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் நிக்கோர் லென்ஸைப் பார்த்து அசந்துபோய்க் கொரியப் போருக்கு எடுத்துச் சென்றார். 1959-ல் நிக்கான் எஃப். அப்புறம் உலகமே அறியும்.

எங்கள் தொழிலில் 'பாட்-அவுட்' என்பார்கள், அதாவது வெளியில் வாங்கிப் போடும் சாமான். திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெல்டிங் முடிந்து, எக்ஸ்ரே முடிந்து, பெயின்ட்டும் அடித்தாயிற்று. ஒரு வால்வு வரவில்லை என்றால் முழு ஜாபும் படுத்துவிடும். டிராயிங்கில் அந்த வால்வு ஒரு சின்ன வட்டம்தான்!

"ராஜகோபுரம் காத்திருக்கவில்லையா?" என்று ஸ்ரீரங்கத்து நண்பர்கள் கேட்கலாம். உண்மை. மொட்டைக் கோபுரமாகப் பல நூறு ஆண்டுகள் நின்றது 1987-ல் 13 நிலைகளோடு எழுந்தது. கல் காத்திருக்கும், சந்தை காத்திருக்காது. சம்பளம் போட வேண்டிய கம்பெனியும் காத்திருக்க முடியாது.

ஆனாலும் செய்த வேலை வீண் போகவில்லை. நிக்கோஃப்ளெக்ஸ் வராவிட்டாலும், 1959-ல் வந்த ப்ரானிகா என்ற 6 x 6 கேமராவுக்கு நிக்கோர் லென்ஸே கண்ணானது. 1979-ல் ப்ளாபெல் மக்கினா 67-க்கும் 80 மி.மீ. நிக்கோர்தான்.

இப்போது ப்ராஜெக்ட் செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் டிசைனில் கடினமான பகுதி எது என்று எல்லோரும் கேட்பார்கள். உங்கள் கையில் இல்லாத பகுதி எது என்று நீங்களே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைத்த பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாம்.